மரபணு மாற்றிய எலிகள் இல்லாமல் எஸ்எம்ஏ மருந்து வந்திருக்குமா? (விவாத இழை)

#1 பாலாற்றங்கரை

வணக்கம் நண்பர்களே. மரபணு மாற்றிய பருத்தி, கத்தரிக்காய் பற்றிய இழையில் பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் "மரபணு மாற்றிய எதனாலும் மனிதனுக்கு நல்லது நடந்ததில்லை" என்று ஒருவர் முடித்துவிட்டார். அதை அப்படியே விட மனமில்லை. பயிர்ச் சண்டை அங்கேயே நடக்கட்டும். இங்கே நோய் ஆராய்ச்சிக்காக மரபணு மாற்றப்படும் உயிரிகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

இன்சுலின் கதை எல்லோருக்கும் தெரியும். 1978இல் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலினைத் தயாரித்தார்கள், 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாக்டீரியாவுக்காக இங்கே யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அதனால் கடினமான உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்: எஸ்எம்ஏ எனப்படும் முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு. 2021இல் நம் தமிழ்நாட்டில் ஒரு குழந்தையின் 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊர் உலகமெல்லாம் பணம் திரட்டியது நினைவிருக்கும். அந்த நோய்தான்.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் பரம்பரை நோய் இது. ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு ஒன்று. கடுமையான முதல் வகையில் குழந்தைக்குத் தலை நிற்காது, உட்கார வராது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். காரணமான எஸ்எம்என்1 மரபணுவை 1995இல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு கண்டுபிடித்தது. அதன் பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்று கிட்டத்தட்ட அச்சு அசலாக இன்னொரு மரபணு இருந்தது. முக்கியமான இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால், அதிலிருந்து உருப்படியான புரதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வருகிறது.

இந்த எஸ்எம்என்2 மனிதர்களிடம் மட்டும்தான் இருக்கிறது, சிம்பன்ஸியிடம்கூட இல்லை. எலிக்கு ஒரே ஓர் எஸ்எம்என் மரபணு. அதை நீக்கினால் கரு சில நாள்களிலேயே அழிந்துவிடும். அதாவது எலிக்கு எஸ்எம்ஏ வரவே வராது. ஒன்று நலமாக இருக்கும், இல்லையென்றால் பிறக்கவே பிறக்காது.

2000இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதற்கு வழி கண்டன. ஒஹாயோவில் ஆர்தர் பர்கஸ், உம்ராவ் மோனானி. தைவானில் ஹங் லி. எலியின் சொந்த மரபணுவை நீக்கிவிட்டு மனித எஸ்எம்என்2ஐ உள்ளே வைத்தார்கள். ஒஹாயோ எலிகளில் இரண்டு பிரதி கிடைத்த குட்டிகள் பிறந்தன, ஏறக்குறைய ஒரு வாரத்தில் இறந்தன. எட்டுப் பிரதி கிடைத்தவை நோயே இல்லாமல் வளர்ந்தன.

இந்த எட்டுப் பிரதி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எஸ்எம்என்1 அடியோடு இல்லாவிட்டாலும், அரைகுறையான எஸ்எம்என்2ஐப் போதுமான அளவு வேலை செய்யவைத்தால் நோயைத் தடுத்துவிடலாம் என்பது அங்கேதான் ஓர் உயிருள்ள உடலில் நிரூபணமானது. எந்தக் குழந்தையிடமும் இந்தச் சோதனையைச் செய்திருக்க முடியாது. அப்புறம் 2006இல் மாசசூசெட்ஸில் ரவீந்திர சிங்கின் குழு எஸ்எம்என்2இல் எந்தச் சிறு பகுதியை மறைத்தால் முழுப் புரதம் கூடும் என்று காட்டியது. அதை மறைக்கும் மருந்தை ஏட்ரியன் கிரைனரின் ஆய்வகமும் ஐயோனிஸ் நிறுவனமும் இதே வகை எலிகளில் சோதித்துச் செதுக்கின. 2016 டிசம்பரில் நூசினெர்சன் அனுமதி பெற்றது. எஸ்எம்ஏவுக்கு வந்த முதல் மருந்து.

எதிர்ப்பவர்களிடம் ஒரே கேள்வி: இந்தப் பாதையில் எந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள்?

#2 கொங்குதேர்

பாலாற்றங்கரை ஐயா, அந்த இழையில் எழுதியவன் நானில்லை. ஆனால் எதிர்க்கும் பக்கத்தில்தான் நிற்கிறேன், அதனால் பதில் சொல்கிறேன்.

ஜெயித்த கதையை எடுத்துவைத்துவிட்டீர்கள். தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் பெரும்பாலும் பெரியவர்களிடம் அழிந்துபோகும் ஏஎல்எஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் மனித எஸ்ஓடி1 மரபணுவின் பழுதான வடிவத்தை எலிக்குள் வைத்தார்கள். எலிக்குப் பக்கவாதம் போல வந்தது, சில மாதங்களில் இறந்தது. உலகமே அந்த எலியின் பின்னால் ஓடியது. மருந்துக்கு மேல் மருந்தாக "எலியில் ஆயுள் கூடியது" என்று கட்டுரைகள் வந்தன. மினோசைக்ளின் அப்படி வந்த ஒன்று. மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2007இல் வெளியானபோது, அந்த மருந்தை எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட வேகமாக மோசமாகியிருந்தார்கள். எலியை நம்பியதால் நோயாளிகளுக்குக் கெடுதல் நடந்தது என்பதுதான் இதன் அர்த்தம்.

2008இல் அமெரிக்காவில் ஏஎல்எஸ் டிடிஐ என்ற அமைப்பு 70க்கும் மேற்பட்ட மருந்துகளை 18,000 எலிகளில் ஒழுங்கான முறையில் திரும்பச் சோதித்ததை வெளியிட்டது. முன்பு "பலன்" என்று சொல்லப்பட்டவை எதுவும் நிற்கவில்லை. 18,000 உயிர்கள். முந்தைய ஆய்வுகளில் போனவை தனிக் கணக்கு.

துன்பப்படுவதற்கென்றே ஓர் உயிரை வடிவமைப்பது என்பதே எனக்கு ஒப்பவில்லை. கசாப்புக்கு வளர்ப்பதோடு இதை ஒப்பிட வேண்டாம். இங்கே நோயே பிறப்பின் நோக்கம்.

#3 வெண்சுடர்

எலிக்கூடத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் ஆய்வகம் நரம்புத் தசை நோய்களுக்கானது. எஸ்எம்ஏ எலிகளைக் கையாண்டிருக்கிறேன்.

கொங்குதேர் அண்ணா சொல்லும் ஏஎல்எஸ் தரவு உண்மை. எங்கள் துறையில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அந்த 2008 கட்டுரையைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறோம். எலி பொய் சொன்னது என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை, சோதித்தவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்றுதான் சொல்கிறது. ஒரு குழுவுக்கு நாலைந்து எலி. ஆண், பெண் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த எலியில் மனித மரபணு இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருக்கிறது, தலைமுறை போகப்போகச் சில குட்டிகளில் பிரதிகள் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் நோய் மெதுவாகும், மருந்தே கொடுக்காவிட்டாலும் ஆயுள் கூடும். இதைச் சோதிக்காமல் "மருந்து வேலை செய்தது" என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று, எஸ்ஓடி1 பழுது மொத்த ஏஎல்எஸ் நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான். அந்த எலியிடம் "எல்லா ஏஎல்எஸ்ஸுக்கும் மருந்து சொல்" என்று கேட்டால் எங்கிருந்து சொல்லும்? அதே எஸ்ஓடி1 விலங்குகளில் எஸ்ஓடி1 புரதத்தைக் குறைக்கும் மருந்தைச் சோதித்தார்கள். கேள்வியும் விலங்கும் பொருந்தின. டோஃபெர்சன் என்ற அந்த மருந்து 2023 ஏப்ரலில், எஸ்ஓடி1 பழுது உள்ளவர்களுக்கு மட்டும் என்று, அனுமதி பெற்றது.

நடைமுறையில் என்ன செய்கிறோம் என்றும் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. நோயுள்ள குட்டி வளர்ந்து இனப்பெருக்கம் செய்யாது. அதனால் பழுதைத் தாங்கிய, ஆனால் நோயில்லாத தாய் தந்தையைச் சேர்ப்போம். நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும். பிறந்ததும் வால் நுனியில் துளி அளவு வெட்டியெடுத்து பிசிஆர் போட்டு, ஜெல்லில் எந்தப் பட்டை வருகிறது என்று பார்த்து யார் யார் என்று குறித்துக்கொள்வோம்.

அப்புறம் புரளும் சோதனை. சில நாள் வயதான குட்டி, சுண்டுவிரலின் பாதி நீளம் இருக்கும். முடி முளைக்காத சிவந்த தோல். குடித்த பால் வயிற்றில் வெள்ளைத் திட்டாக வெளியே தெரியும். அதை மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்டாப்வாட்சை அழுத்துவோம். ஒரு வார வயதில் நல்ல குட்டி சில வினாடிகளில் புரண்டு நான்கு காலில் நிற்கும். நோயுள்ள குட்டி காலை உதைக்கும், பக்கவாட்டில் பாதி சாயும், மறுபடி மல்லாந்துவிடும். 30 வினாடி ஆனதும் நாங்களே திருப்பிவிட்டு நோட்டில் 30 என்று எழுதுவோம். எதற்கு மருந்து போனது, எதற்கு வெறும் உப்புநீர் போனது என்பது ஸ்டாப்வாட்ச் பிடிப்பவருக்குத் தெரியாது. சிகிச்சை பெற்ற நோய்க்குட்டி முதன்முறையாகத் தானே புரண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் ஆய்வகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

தேவையில்லாத மரபணுவமைப்போடு பிறக்கும் மற்ற குட்டிகளில் பலவற்றையும் கருணைக்கொலை செய்கிறோம். கட்டுரைகளில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து.

#4 தாமிரபரணி டாக்டர்

குழந்தைகள் நல மருத்துவன் நான். ஆய்வகம் தெரியாது, நோயாளிகளைத் தெரியும்.

எலிகளிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் மருந்தைவிட நேரத்தைப் பற்றியது. 2010இல் கொலம்பஸில் பிரையன் காஸ்பரின் குழு, நல்ல எஸ்எம்என் மரபணுவை ஏஏவி9 என்ற வைரஸில் ஏற்றி, சுமார் இரண்டே வாரம் வாழக்கூடிய எஸ்எம்ஏ எலிகளின் முகத்து ரத்தக்குழாயில் செலுத்தியது. பிறந்த முதல் நாளில் கொடுத்த குட்டிகள் 250 நாள் தாண்டியும் வாழ்ந்தன. ஐந்தாம் நாளில் கொடுத்தபோது பாதிப் பலன். பத்தாம் நாளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே மருந்து, அதே நோய்.

இந்த ஆராய்ச்சிதான் பின்னால் 16 கோடி ஊசியானது, 2019 மே மாதம் அனுமதி. ஆனால் முதல் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் என்ற அந்த வரிசைதான் மருத்துவத்தை மாற்றியது. அறிகுறி வரும்வரை காத்திருக்காமல், மரபணுப் பரிசோதனையில் தெரிந்தவுடனே நூசினெர்சன் கொடுத்துப் பார்த்த நர்ச்சர் என்ற ஆய்வில் 25 குழந்தைகள். 2019இல் முடிவுகள் வெளியானபோது 25 பேரும் உயிரோடு இருந்தார்கள், யாருக்கும் நிரந்தர வென்டிலேட்டர் தேவைப்படவில்லை, 22 பேர் தாமாக நடந்தார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களில் பெரும்பாலோர் உட்காரக்கூட மாட்டார்கள். அமெரிக்கா 2018இல் எஸ்எம்ஏவைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் அப்படித் தேசிய அளவில் பரிசோதனை கிடையாது. நான் பார்க்கும் குழந்தைகள் பெரும்பாலும் எலியின் பத்தாம் நாளில்தான் வந்து சேருகிறார்கள்.

#5 கொங்குதேர்

டாக்டர், வெண்சுடர் இருவருக்கும் நன்றி. மற்ற குட்டிகளைப் பற்றி வெளிப்படையாக எழுதியதை மதிக்கிறேன்.

ஆனால் அந்த 16 கோடி ஊசியைப் பற்றி இன்னொன்றும் பதிவாக வேண்டும். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏவே வெளிப்படையாக அறிவித்தது: அதைத் தயாரித்த அவெக்ஸிஸ் நிறுவனத்தில் எலிச் சோதனைத் தரவு சில திருத்தப்பட்டிருந்தது, அது நிறுவனத்துக்கு அனுமதிக்கு முன்பே தெரிந்திருந்தது, ஆனால் அனுமதி கிடைத்த பிறகுதான் சொன்னார்கள். எலியைப் பலிகொடுத்துவிட்டு அந்தத் தரவையும் திருத்தினால் அந்த உயிருக்கு என்ன மதிப்பு?

#6 வெண்சுடர்

உண்மை, அதற்குச் சாக்கு எதுவும் கிடையாது. ஒரு தெளிவுக்காக மட்டும்: திருத்தப்பட்டது மருந்தின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளின் வீரியத்தை ஒப்பிட்ட எலித் தரவு. குழந்தைகளிடம் நடந்த சோதனையின் தரவு அல்ல. அதனால்தான் மருந்து சந்தையில் தொடரலாம் என்று எஃப்டிஏ சொன்னது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி சரியான கேள்வி. பொய்த் தரவுக்காக இறந்த எலி வீணாக இறந்த எலி.

#7 ஆம்பல்

கல்லூரி மாணவி, உயிரித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம். இப்போது நோயாளியின் தோல் செல்லில் இருந்தே நரம்பணு வளர்க்கிறார்கள், சின்னச் சில்லுவில் மனித செல்களை வளர்த்து உறுப்பு போலவே இயங்கவைக்கிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் விலங்குச் சோதனை கட்டாயமில்லை என்று சட்டம் மாறியது. 2023இல் இந்தியாவிலும் மாற்று முறைகளை ஏற்று விதி திருத்தப்பட்டது. இன்னும் எதற்கு எலி?

#8 சிறுகுடி

ஆம்பல், எலியை விட்டுவிட்டு மீனுக்கு வாம்மா, ஒரு பதில் கிடைக்கும்.

காசநோயில் நுரையீரலுக்குள் கிரானுலோமா என்று முடிச்சு முடிச்சாக உருவாகும். கிருமியைச் சுற்றி உடல் கட்டும் பாதுகாப்புச் சுவர் என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. லலிதா ராமகிருஷ்ணன் (சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை, இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறார்) வரிக்குதிரை மீனை எடுத்துக்கொண்டார். மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் மரைனம் அவர் பயன்படுத்திய கிருமி. அந்த மீனின் குஞ்சு கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. கிருமிக்கும் மீனின் பாதுகாப்புச் செல்களுக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் மரபணுவை வைத்துவிட்டால், உயிரோடிருக்கும் உடலுக்குள் யார் எங்கே போகிறார்கள் என்று மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்க்கலாம்.

2009இல் அவரும் மியூஸ் டேவிஸும் வெளியிட்டது இதுதான்: ஆரம்பக் கட்டத்தில் கிருமியே புதிய பாதுகாப்புச் செல்களை அந்த முடிச்சுக்கு வரவழைக்கிறது. வந்த செல்கள் செத்துப்போன செல்லை விழுங்கும்போது உள்ளிருக்கும் கிருமியும் ஒட்டிக்கொள்கிறது. அதில் சில செல்கள் வெளியே கிளம்பிப்போய் வேறிடத்தில் புது முடிச்சு தொடங்குகின்றன. சுவர் என்று நினைத்த இடம், தொடக்கத்திலாவது, கிருமி பெருகிப் பரவும் இடமாக இருக்கிறது.

செல்கள் ஊர்ந்து வருவதும் போவதும்தான் இங்கே கேள்வி. தட்டில் வளர்த்த செல்லுக்குப் போக இடமே கிடையாது. காசநோய் சுமை உலகிலேயே அதிகமுள்ள நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த மீன்களை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

#9 வெண்சுடர்

சிறுகுடி ஐயா சொன்னதோடு சேர்த்து ஆம்பலுக்கு: செல்லும் சில்லும் வரும் இடங்களில் எலி போக வேண்டும், போய்க்கொண்டும் இருக்கிறது. #1இல் சொன்ன 2006 கண்டுபிடிப்பே செல்களில் நடந்ததுதான். ஆனால் முதல் நாளா, பத்தாம் நாளா என்ற கேள்விக்கு வளர்கின்ற முழு உடல் வேண்டும்.

எந்த விலங்கு என்பதும் முக்கியம். நுரையீரலிலும் குடலிலும் சளி கெட்டியாகி அடைக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் காரணமான மரபணு 1989இல் கிடைத்தது, 1992இல் அதே மரபணு பழுதான எலி தயார். குடல் அடைப்பு வந்தது. ஆனால் நோயாளிகளைக் கொல்லும் நுரையீரல் தொற்று மட்டும் எலிக்கு வரவே இல்லை. 2008இல் அயோவா, மிசூரிப் பல்கலைக்கழகங்கள் அதே மரபணுவைப் பன்றியில் மாற்றின. பிறந்த சில மாதங்களில் பன்றிக்கு மனிதர்களைப் போலவே நுரையீரல் நோய் வந்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று தோண்டியதில், மூச்சுக்குழாயில் அமிலம் சுரக்கும் ஏடிபி12ஏ என்ற ஒரு புரதம் மனிதனிடமும் பன்றியிடமும் வேலை செய்கிறது, எலியிடம் கிட்டத்தட்ட இல்லை என்று 2016இல் தெரிந்தது. நோய் வராத எலியே நோயைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

கொரோனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பரவிய கிருமி சாதாரண எலியைத் தொற்றாது, செல்லுக்குள் நுழையக் கிருமி பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் எலியிடம் அதற்குப் பொருந்தாது. ஆனால் மனித ஏசிஇ2 வைத்த எலியை, பழைய சார்ஸுக்காக, 2007லேயே அயோவாவில் உருவாக்கியிருந்தார்கள். 2020இல் உறையவைத்த விந்தணுவிலிருந்து அந்த வம்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

#10 நிலாமுற்றம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அக்கா மகனுக்கு எஸ்எம்ஏ, இரண்டாம் வகை.

எட்டு மாதத்தில் உட்காரவில்லை என்று ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். "சில குழந்தைகள் தாமதமாகத்தான் உட்காரும், காத்திருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எழுதிய பத்தாம் நாள் கணக்கைப் படித்ததும் அந்த வார்த்தைதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

கொங்குதேர் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலிகள் படும் பாட்டை நீங்கள் எண்ணுவதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவ்வளவு உயிர் கொடுத்துக் கிடைத்த மருந்து பூட்டிய அலமாரியில் கிடந்தால் அதுவும் பாவம்தான். ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய் என்றார்கள். அரசின் அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு, ஆனால் இந்த மருந்து ஆயுள் முழுக்க வேண்டும். காப்புரிமை வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்த பிறகு 2025 அக்டோபரில் நாட்கோ நிறுவனம் அதையே 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அன்று அக்கா தொலைபேசியில் பேச முடியாமல் அழுதாள்.

#11 கொங்குதேர்

தங்கச்சி, உங்கள் அக்கா மகன் நன்றாக இருக்க வேண்டும். அந்த மருந்து பிள்ளைகளுக்குக் கிடைக்கக் கூடாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

என் நிலை இது: துன்பத்தை வடிவமைப்பதை நான் ஏற்கவில்லை, இனியும் ஏற்கமாட்டேன். ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு, தடை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை தெரிகின்றன. எலிச் சோதனை தொடங்கும் முன்பே திட்டத்தைப் பொதுவெளியில் பதிய வேண்டும். தோற்ற முடிவையும் வெளியிட வேண்டும். மற்ற குட்டிகள் உட்பட எத்தனை உயிர் போனது என்று கட்டுரையில் எழுத வேண்டும். எந்தக் கேள்விக்கு அந்த விலங்கு பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவற்றை வெண்சுடர் எதிர்க்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

#12 வெண்சுடர்

நான்கிலும் கையெழுத்துப் போடுகிறேன் அண்ணா. மூன்றாவதற்கு எங்கள் துறைக்குள்ளேயே நான் சண்டை போட வேண்டியிருக்கும், போடுகிறேன்.

#13 நிலாமுற்றம்

டாக்டர், இழைக்குச் சம்பந்தமில்லை என்றால் மன்னிக்கவும். அக்கா மறுபடி கருவுற்றிருக்கிறாள், ஏழாவது வாரம். சொந்தத்தில் திருமணம். என்ன செய்ய வேண்டும்?

#14 தாமிரபரணி டாக்டர்

சம்பந்தம் நிறையவே இருக்கிறதம்மா. இந்த வாரமே மரபணு ஆலோசகர் உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். முதல் குழந்தையின் மரபணு அறிக்கையைக் கையோடு எடுத்துப்போகட்டும். அக்கா, மாமா இருவருக்கும் மரபணுப் பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ பரிசோதனை எடுப்பார்கள். இருவரும் பழுதைத் தாங்கியவர்கள் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அது குறையவும் இல்லை, கூடவும் இல்லை. 11 வாரம் முடிந்தபின் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துக் கருவைச் சோதிக்கலாம். என்ன முடிவு வந்தாலும் அடுத்து என்ன என்பது பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது. கருவுக்கு நோய் இருப்பது தெரிந்து பெற்றுக்கொள்வதாக முடிவெடுத்தால், பிறந்த முதல் நாள்களிலேயே மருந்து தொடங்க இப்போதே ஏற்பாடு செய்துவைக்கலாம்.

அறிக்கையில் எஸ்எம்என்2 எத்தனை பிரதி என்றும் ஓர் எண் இருக்கும். இரண்டா, மூன்றா, நான்கா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நோய் எவ்வளவு கடுமையாக வரலாம், எவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் பேசுவோம். பாலாற்றங்கரை முதல் பதிவில் எழுதிய எலிக்குட்டிகளிடம் எண்ணிய அதே பிரதிகள்தான் அவை. தனிமடலில் ஊரைச் சொல்லுங்கள், பக்கத்தில் எங்கே இந்தப் பரிசோதனை வசதி இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.